எங்கள் கடைக்கு நடைவண்டி வந்த கதை

எர்ணாவூரில் கன்டெய்னர் வண்டிகள் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஷட்டர், முன்னால் ஒரு டிரெய்லரின் பின்பாதி மட்டும் ஏறி நிற்கிற அளவுக்குச் சிமென்ட் தரை. துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் வரிசையில் நின்று நின்று நகரும். அதில் ஏதாவது ஒன்றுக்கு டயர் வெடித்திருக்கும், ஏதாவது ஒன்றுக்கு நட்டு தளர்ந்திருக்கும். அவை எங்கள் பக்கம் ஒதுங்கினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். என் வீட்டுக்காரர் சக்கரம் கழற்றி மாட்டுவார். நான் காற்றடிப்பேன், பஞ்சர் பார்ப்பேன், வருகிறவர்களிடம் சண்டை போடுவேன். கடைசி வேலையில்தான் எனக்கு நல்ல பெயர்.

டிரெய்லர் சக்கரம் டயரும் இரும்பு டிஸ்க்குமாகச் சேர்ந்து ஒரு நல்ல ஆளைவிடக் கனம். நேராக நிற்கும்வரை ஒரு கையால் உருட்டிக்கொண்டு போகலாம். சாய ஆரம்பித்துவிட்டால் யார் பேச்சையும் கேட்காது. அதை என் வீட்டுக்காரர் தொடையால் முட்டுக் கொடுத்து, தோளால் தாங்கி, கடப்பாரையால் நெம்பி, போல்ட்டுகள் துளைக்குள் போகும்வரை அப்படியே பிடித்திருப்பார். சாய்ந்தால் பாய்ந்து கட்டிக்கொள்வார். "நைனா கையிலேர்ந்து ஒரு வீலு வுழுந்து பாத்ததில்ல" என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும் சாப்பாடு ஒரு கரண்டி அதிகமாக இறங்கும். எனக்கும் அந்தப் பெருமை பிடிக்கும், பொய் சொல்வானேன்.

அந்தப் பெருமைதான் இடுப்பைப் பதம் பார்த்தது. ஒரு நாள் சாய்ந்த சக்கரத்தை எட்டி இழுத்துப் பிடித்தார். சக்கரம் நின்றது, இவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. முதுகெலும்பில் ஜவ்வு விலகிவிட்டது என்றார்கள். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை தப்பிச்சீங்க. இன்னொரு தடவை இப்படி வெயிட்டை இழுத்துப் பிடிச்சா, அப்புறம் கால் ரெண்டும் நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதாம்மா பாத்துக்கணும்" என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் பார்த்துக்கொள்ள வேண்டியது யாரை என்று அவருக்குத் தெரியாது.

மனிதர் வீட்டில் படுத்திருந்த காலத்தில் நான் பட்ட பாட்டை எழுதினால் அது தனிப் புத்தகமாகும். சட்னியில் உப்பு சரியில்லை. ஃபேன் சத்தம் போடுகிறது. பக்கத்து வீட்டுக்காரன் பைக்கைச் சாய்த்து நிறுத்துகிறான். படுத்தபடியே எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்த்தார். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கடைக்கு வந்து பிளாஸ்டிக் சேரில் குந்திக்கொண்டார். கூலிக்கு வைத்திருந்த ஆள் சக்கரம் மாட்டுவதைப் பார்க்கப் பார்க்க இவருக்கு உடம்பு துடிக்கும். அந்த ஆளும் இவர் வாய்க்குப் பயந்து ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். மறுநாள் நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், இவர் ஒரு சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கையை டயருக்கு அடியில் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"இன்னா பண்றே?" என்றேன்.

"சும்மா தொட்டுப் பாத்தேன் மே."

டீயை அவர் தலையில் ஊற்றாமல் விட்டது என் பெருந்தன்மை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் எத்தனை நாள் இவர் பின்னாலேயே சுற்றிக் காவல் காக்க முடியும்?

வழி காட்டியவர் பாய். தண்டையார்பேட்டைக்காரர், டிரெய்லர் ஓட்டுகிறவர், என் வீட்டுக்காரருக்குப் பழைய தோஸ்து. வண்டி எங்கள் கடைப்பக்கம் நின்றால் ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார்.

"மாமு, காட்டுப்பள்ளி பக்கம் ஒரு யார்டுல பாத்தேன்" என்றார். "இரும்புல ஒரு தள்ளுவண்டி கீது. வீலுக்கு அடியில உட்டு, கால்ல மிதிச்சினே இருந்தா வீலு அப்டியே மேல தூக்கிக்குது. ஒத்த ஆளு ஷோக்கா தள்ளிகினு போறான், காதுல போன வெச்சிகினே."

"போன்ல பேசிகினே வேல செய்றவன்லாம் ஒரு வேலக்காரனா?" என்றார் இவர்.

"அது எங்க கெடைக்கும் பாய்?" என்றேன் நான்.

எப்படி வாங்கினேன் என்பது எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் உள்ள விஷயம், இங்கே வேண்டாம். வாங்கினேன். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் வந்து இறங்கியது. முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கைகள், அந்தக் கைகளில் சுழல்கிற உருளைகள், அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள், பின்னால் பிடித்துத் தள்ள ஒரு கம்பி, மிதிக்க ஒரு பெடல். ஹைட்ராலிக் டாலி என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் ரோட்டில் அந்தப் பெயர் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. குழந்தைகள் நடை பழக வாங்கித் தருவோமே, அந்த நடைவண்டி மாதிரியே இருந்தது. "இன்னா நைனா, இந்த வயசுல நடவண்டியா?" என்று முதலில் கேட்டது யார் என்று தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் வரிசையில் நின்ற அத்தனை வண்டிக்கும் செய்தி போய்விட்டது. இவர் முகம் கறுத்துவிட்டது. நான் கண்டுகொள்ளவில்லை.

புது இரும்பு வீட்டுக்கு வந்தால் பூஜை போடாமல் விடுவோமா? சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சக்கரம் பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. எவ்வளவு தள்ளியும் பழத்தின் மேல் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது. கடைசியில் பாய் பின்னால் வந்து ஒரு உந்து உந்த, பழம் நசுங்கி, சாறு என் வீட்டுக்காரர் சட்டையில் அடித்தது. இடுப்பு போன பிறகு அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

மிஷினோடு அம்பத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார், சொல்லிக் கொடுப்பதற்காக. நல்ல மனிதர்தான், ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்து மீஞ்சூரில் ஒரு மிஷின் இறக்க வேண்டுமாம். வேகவேகமாகச் சொன்னார். தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். வண்டி நகராமல் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு நிறுத்த வேண்டும், ஏனென்றால் வண்டியைத் தூக்குவது இந்த மிஷினின் வேலை இல்லை. இரண்டு கைகளும் டயருக்கு அடியில் ஒரே அளவு போயிருக்கிறதா என்று பார்த்துத்தான் பெடலை மிதிக்க வேண்டும். கனம் மிஷினுக்கு வந்ததும் மிதிப்பதை நிறுத்த வேண்டும், உயரத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகக் கூடாது. இறக்கும்போது லீவரைப் பூப்போலத் திறக்க வேண்டும், காலை அடியில் வைக்கவே கூடாது.

போகிற போக்கில் குட்டி யானையில் ஏறிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"சார், வீல் எப்பவாவது சாய்ஞ்சா பிடிக்காதீங்க. விட்டுட்டு ஒதுங்கிடுங்க. அது விழுந்தா விழட்டும்."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சமையல்காரரிடம் சோற்றைக் கீழே கொட்டச் சொன்ன மாதிரி. எனக்கோ அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது. மிஷினைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் போன பிறகு பார்த்தால், கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. அவிழ்த்தோம். உள்ளே கொக்கி வைத்த ஒரு சங்கிலி, பளபளவென்று, நல்ல கெட்டியாக. இவர் அதைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"பாரேன், கம்பெனிக்காரன் உஷாரு" என்றார். "நம்ம ஏரியா தெரிஞ்சிகினுதான் குடுத்துக்கீறான்."

எனக்கும் அதுதான் தோன்றியது. எங்கள் பக்கம் இரும்பை ராத்திரி வெளியே விட்டால் காலையில் அது காயலான் கடைத் தராசில் உட்கார்ந்திருக்கும். சாக்கடை மூடியே தங்காத ஊரில் இந்த நடைவண்டி எம்மாத்திரம்? கம்பெனிக்காரனை மனதார வாழ்த்திவிட்டு, அந்தச் சங்கிலியால் மிஷினை ஷட்டர் தூணோடு கட்டி, பெரிய பூட்டாக வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில். தினமும் காலையில் பூட்டைத் திறந்து, சங்கிலியைத் தூணிலேயே தொங்கவிட்டு, மிஷினை மட்டும் இழுத்து வெளியே விடுவேன். எவ்வளவு பொறுப்பு என்று எனக்கு நானே மெச்சிக்கொள்வேன்.

நடைவண்டியைப் பழகிக்கொண்டது முதலில் நான்தான். இவர் சேரில் உட்கார்ந்து குறை சொன்னார். ஆனால் சக்கரத்தை உருளைகளின் மேல் வைத்து ஒரு விரலால் சுற்றினால், போல்ட்டுக்கு நேராகத் துளை தானே வந்து நிற்கும். கடப்பாரையோடு அவர் மல்லுக்கட்டிய வேலை அது. அதை நான் ஒரு விரலால் செய்வதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு மே" என்று எழுந்து வந்தார். அதற்கப்புறம் பெடலை யார் மிதிப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை வரும். வருகிற டிரைவர்களை நிற்க வைத்து, "இந்தா பாரு, ஒத்த வெரலு" என்று சுற்றிக் காட்டுவார். மறுபடியும் கடையில் அவர் குரல் கேட்டது. எனக்கு மனம் நிறைந்திருந்தது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. நான் சோறு போடும்போது திடீரென்று கேட்பேன்.

"வீலு சாயுது. இன்னா பண்ணுவே?"

"வுட்டுட்டு அப்பால போய்டுவேன்."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். வாய் சரியாகத்தான் சொல்லும். ஆனால் சாயுது என்று நான் சொன்ன மாத்திரத்தில் சோற்றுக் கை தட்டை விட்டு அரை அடி முன்னால் போயிருக்கும். அவருக்கே தெரியாது. நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை பாயின் டிரெய்லர் வந்தது. பின்பக்கச் சக்கரம் ஒன்றில் டயர் கிழிந்துவிட்டது. வேறு டயர் போட்டுக் காற்றடித்து, கொட்டகைக்குள் தயாராக நிறுத்தியிருந்தோம். பாய் எங்கள் கடையிலேயே குளித்து, வெள்ளை லுங்கியும் வெள்ளை ஜிப்பாவும் போட்டு, அத்தர் வாசனையோடு நின்றார்.

"ஜும்ஆக்கு நேரமாவுது நைனா. வீல மாட்டிட்டீங்கன்னா, தொழுதுட்டு வந்த கையோட வண்டிய எடுத்துகினு போய்டுவேன்."

அந்த அவசரத்தில்தான் தப்பு நடந்தது. மாட்டுகிற இடத்தில் போய் மிதிக்க வேண்டாமே என்று இவர் சக்கரத்தைக் கொட்டகைக்குள்ளேயே உயரத் தூக்கிக்கொண்டு தள்ளிவந்தார். ஊர்வலம் போகக் கூடாது என்று அம்பத்தூர்க்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பாய் மணி பார்த்தார், நானும் வாயை மூடிக்கொண்டேன். நான் சக்கரத்துக்கு எதிரே பின்னால் நடந்தபடி வழி காட்டினேன். எனக்குப் பக்கத்தில் பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டி. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையும் சொள்ளையுமாகப் பாய்.

ரோட்டிலிருந்து தெறித்து வந்த ஜல்லி ஒன்று தரையில் கிடந்தது. எலுமிச்சம்பழத்தின் மேலேயே ஏறாத சக்கரம் ஜல்லியின் மேலா ஏறும்? மிஷின் டக்கென்று நின்றது. மேலே இருந்த பெரிய சக்கரம் நிற்கவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, என் பக்கம் சாய்ந்தது.

அந்த நேரத்தில் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். இவர் எட்டி இழுத்துப் பிடிக்கப் போகிறார். அவர் பிடிப்பதற்குள் நான் பிடித்துவிட்டால் அவர் பிடிக்க மாட்டார். அவ்வளவுதான், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதன் எதிரே போய்விட்டேன். ஒப்பிக்கச் சொல்லித் தினமும் அவர் உயிரை வாங்கியவள் நான்.

"வுடு மே" என்றார் அவர். கத்தவில்லை. "வுழட்டும்."

பார்த்தால் அவர் மிஷினை விட்டு விலகி நிற்கிறார். இரண்டு கையும் பின்னால். என் கை தானாக இறங்கியது. பக்கவாட்டில் குதித்தேன். சக்கரம் தொட்டியின் விளிம்பில் விழுந்தது. தொட்டி கவிழ்ந்து, அதிலிருந்த கறுப்புத் தண்ணீர் மொத்தமும் எழும்பிப் போய்ப் பாயை மார்போடு நனைத்தது. சக்கரம் தரையில் ஒரு வட்டம் போட்டு, நிதானமாகப் படுத்துக்கொண்டது.

பாய் ஜிப்பாவைக் குனிந்து பார்த்தார்.

"யக்கா, நான் ஒருவாட்டி குளிச்சிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இவர் பக்கத்தில் போய் முதுகைத் தடவிப் பார்த்தேன். "வலிக்குதா?" என்றேன். "நான் ஒண்ணுமே பண்ணலயே, ஏன் வலிக்கும்?" என்றார்.

பாய்க்கு இவருடைய வெளுத்த வேட்டியும் சட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அம்பத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். என் கோபம் எல்லாம் அவர் மேல் திரும்பியிருந்தது. ஒரு சக்கரத்தை ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளத் தெரியாத மிஷினை விற்றுவிட்டீர்களே என்று பிடி பிடியென்று பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அம்மா, செயின் போட்டிருந்தீங்களா?"

"அதெல்லாம் தெனமும் போடுறோம். மறந்ததே கெடையாது."

"இறுக்கமா போட்டீங்களா?"

"இறுக்கமா போட்டு, பெரிய பூட்டும் போட்டு வெச்சிக்கிறோம்."

"பூட்டு எதுக்கும்மா?" என்று கேட்டார்.

பிறகு அவர் விளக்கினார். தூக்கிய சக்கரத்தைச் சுற்றி மிஷினோடு சேர்த்துக் கட்டுவதற்கான சங்கிலி அது. சாயாமல் இருக்க. நான் தூணைப் பார்த்தேன். சங்கிலி அங்கே அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் சக்கரத்தை அவிழ்த்துவிட்டு, எங்கள் தூணை விழாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன். அவர் சேரில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொள்ளுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

தொழுதுவிட்டு வந்த பாயிடமும் சொன்னோம். சொல்லியிருக்கக் கூடாது. சங்கிலியைச் சக்கரத்துக்குப் போட்டு, தாழ்வாகவே தள்ளிப் போய், அங்கே வைத்துத் தூக்கி மாட்டினோம். ஒரு அசைவு இல்லை. பாய் கிளம்பினார். அவர் துறைமுக வாசலைத் தாண்டுவதற்குள் வரிசை முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் வரை ஒவ்வொரு வண்டியாக எங்கள் கடை முன்னால் மெதுவாகி, ஜன்னல் வழியாகத் தலை நீட்டியது.

"இன்னா நைனா, உன் கையிலேர்ந்து வீலு வுழுந்துச்சாமே?"

"வுழுந்துச்சு" என்றார் இவர், ஒவ்வொருவருக்கும். "வீலுதான் வுழுந்துச்சு. நான் வுழலயே."

ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் தரையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். இவர் கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்தி, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லியும் விட்டேன்.

"நான் சொன்னது உன் மண்டையில ஏறிடுச்சு. நீ கைய பின்னால கட்டிகினு நின்ன பாரு, எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு."

அவர் குழாயை மூடினார்.

"ஏறல மே" என்றார். "என் கையும் போச்சு. பாதி தூரம் போய்டுச்சு. அப்பத்தான் அந்தப் பக்கம் உன் கை ரெண்டும் வந்துச்சு. நான் புடிச்சிருந்தா நீயும் வுட்டிருக்க மாட்டே."

துடைப்பத்தைக் கீழே வைத்தேன். அவரை வைய ஆயிரம் வார்த்தை வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு அவருடைய அந்த ஈரக் கை இரண்டையும் பிடித்து என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.